கடல்பாசி சாப்பிட்டால் உடம்பு குறையுமா? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பிறந்தது பாம்பன் பக்கம். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் போனில் ஏதாவது வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருகிறார்கள். "அக்கா, கடல்ல இருந்து ஏதோ வந்திருக்காம்ல?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலை நாளுக்கு நாலு முறை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பில் நோட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. கடல்ல இருந்து எடை குறைக்கிற மருந்து வந்திருக்காமே, உங்க கடையில இருக்காக்கா?

இல்லை. என் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் இல்லை. கடல் உயிரியிலிருந்து எடுத்து, உடல் பருமனுக்கென்று அனுமதி பெற்ற மருந்து இதுவரை ஒன்றுகூட வரவில்லை. விற்பவை எல்லாம் சத்துப் பொருள் என்ற கணக்கில் வருபவை.

அதற்காகக் கடலில் மருந்தே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் சைட்டராபின் கரீபியக் கடலின் கடற்பஞ்சு என்ற உயிரியில் கண்ட ஒரு பொருளை மாதிரியாக வைத்துச் செய்தது. 1969-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. கடும் வலிக்கு முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தும் சிகோனோடைட், கூம்புச் சங்கு என்ற நத்தையின் நஞ்சைப் பார்த்துச் செய்தது, 2004-ல் வந்தது. ஆக, ஆராய்ச்சிக்காரர்கள் கடலைத் துழாவுவதில் நியாயம் இருக்கிறது.

2. நான் குண்டுதானா? அதை முதல்ல சொல்லுங்க.

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். நம் நாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி 23 தாண்டினால் கூடுதல் எடை, 25 தாண்டினால் பருமன். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. சேலை கட்டுகிறவர்கள் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும், பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல.

3. அப்ப எதை வச்சுத்தான் இத்தனை பேர் கடல் கடல்னு சொல்றாங்க?

சும்மா சொல்லவில்லை. உடம்பில் கொழுப்பு சேரும் வழியில் நாலைந்து இடங்களில் தடை போடலாம். ஒவ்வோர் இடத்துக்கும் கடலில் ஒரு ஆள் இருக்கிறது. சாப்பிட்ட எண்ணெயைக் குடலில் உடைத்து உள்ளே அனுப்புவது லைபேஸ் என்ற நொதி. அதை முடக்கும் பொருள்களைப் பாசிகளிலும் கடல் பாக்டீரியாக்களிலும் பார்த்திருக்கிறார்கள். மாவுச்சத்தை உடைக்கும் நொதியை, பழுப்புப் பாசியில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் மந்தப்படுத்துகின்றன. ஆல்ஜினேட் என்பது வயிற்றில் ஊதிக் களியாகி, பசியை ஆற்றும். நீங்கள் நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் சிரப் சிலவற்றில் இருப்பதும் இதே ஆல்ஜினேட்தான். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 'சோடியம் ஆல்ஜினேட்' என்று போட்டிருக்கும்.

இவற்றில் பேர் வாங்கியது ஃப்யூகோசாந்தின். பழுப்புப் பாசிக்கு அந்தப் பழுப்பைத் தரும் நிறமி இது. 2005-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் இதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பைச் சேமித்து வைப்பதே வேலையாக இருந்த வெள்ளைக் கொழுப்புத் திசுவில், கொழுப்பை எரித்துச் சூடாக்கும் யூசிபி1 என்ற புரதம் தலைகாட்டியது. அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் திடீரென்று அடுப்பு எரிந்த மாதிரி. இன்று வரும் வீடியோக்களில் பாதிக்கு இந்த அடுப்புதான் மூலம்.

4. ஜிகர்தண்டாவுல கடல்பாசி போடுறாங்களே, அப்ப அது குடிச்சா எடை குறையணும்ல?

இந்தக் கேள்வி இல்லாமல் மதுரையில் ஒரு வாரம் போகாது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டம்ளரின் அடியில் வழவழவென்று கிடப்பது சில கடைகளில் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், அகர். சில கடைகளில் பாதாம் பிசின். பிசினுக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது, அது மரத்தில் வடிவது.

அகர் வெறும் நார்ச்சத்து மாதிரி. நம் குடல் அதை அநேகமாக அப்படியே வெளியே தள்ளிவிடும். ஜப்பானில் சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்களுக்குத் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அகர் கொடுத்து 12 வாரம் பார்த்ததில், சராசரியாக 2.8 கிலோ குறைந்தது. அகர் இல்லாமல் உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களுக்கு 1.3 கிலோ. வித்தியாசம் ஒன்றரைக் கிலோ. ஆனால் அவர்கள் அந்த அகரின் மேல் சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரி சர்பத்தும் ஊற்றி, ஒரு கரண்டி ஐஸ்கிரீமும் வைக்கவில்லை. ஜிகர்தண்டாவை ஜிகர்தண்டாவாகவே குடியுங்கள், எப்போதாவது. நானும் குடிக்கிறேன்.

5. நம்ம ராமநாதபுரம் கடல்ல கிடைக்கிற பாசியில அந்தப் பொருள் இருக்கா?

ஃப்யூகோசாந்தினைக் கேட்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் எல்லாப் பாசியிலும் இல்லை. எங்கள் ஊரில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்த வகைப்பாடு கைப்பாடம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி எடுப்பார்கள். என் சித்தியும் எடுத்தவர்தான். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி இரண்டும் சிவப்பு வகை, அகருக்குப் போகும். மதுரையைச் சுற்றியுள்ள அகர் ஆலைகளுக்கு லாரி ஏறுவது இவைதான். கட்டக்கோரை, பக்கோடாப் பாசி இரண்டும் பழுப்பு வகை. இவற்றில்தான் ஆல்ஜினேட்டும் ஃப்யூகோசாந்தினும். அப்புறம் 'பெப்சி பாசி' என்று ஒன்று. அந்தக் குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்து வளர்க்கச் சொன்னதால் வந்த பேர். அதுவும் சிவப்பு வகைதான், கராஜீனன் என்ற களிப்பொருளை எடுப்பதற்கு. அதில் ஃப்யூகோசாந்தினைத் தேடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈரக் கட்டக்கோரையில் ஒரு கொத்தைக் கொதிக்கும் நீரில் போட்டால் சில நொடியில் பழுப்பு போய்ப் பச்சையாகிவிடும். புரதத்தோடு ஒட்டியிருந்த ஃப்யூகோசாந்தின் சூட்டில் பிரிந்துவிடுவதால், அதுவரை மறைந்திருந்த பச்சையம் தெரிகிறது. சின்ன வயதில் இதைச் செய்து காட்டி சித்தி எங்களை ஏமாற்றுவார், மந்திரம் என்று.

6. அப்ப அந்தக் கட்டக்கோரையையே காயவச்சு, பொடி பண்ணி, மோர்ல கலந்து குடிச்சா என்னக்கா?

வேண்டாம். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் அயோடின். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் உப்பிலேயே அது வந்துவிடுகிறது. சில பழுப்புப் பாசிகளில் ஒரே கிராமில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். தைராய்டு ஒன்று படுத்துவிடும், இல்லையென்றால் தாறுமாறாக ஓடும். இரண்டாவது ஆர்சனிக். கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற பாசியை ஜப்பானியர் உண்கிறார்கள். அதில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று 2004-ல் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு சாப்பிட வேண்டாம் என்றே சொன்னது. பாசி, தான் நிற்கிற தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மணலும் சிப்பித் துண்டும் கலந்து கரையில் காய்வது ஆலைக்குப் போகிற சரக்கு, அடுப்படிக்கு அல்ல.

மூன்றாவது காரணம் அளவு. அதை அடுத்த பதிலில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

7. எலிக்குக் குறைஞ்சுதுன்னா மனுஷனுக்கும் குறையும்தானே? ரெண்டும் உயிர்தானே?

கேட்டவர் கணக்கு வாத்தியார், அதனால் கணக்காகவே சொன்னேன். எலித் தீனியில் 0.2 சதவீதம் ஃப்யூகோசாந்தின் கலந்தார்கள். 25 கிராம் எலி ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி தின்கிறது என்று வையுங்கள். 6 மில்லிகிராம் உள்ளே போகிறது, அதாவது கிலோவுக்கு 240. எலி அளவை மனித அளவுக்கு மாற்றும்போது சுமார் 12-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 20 வருகிறது. 60 கிலோ ஆளுக்கு 1,200 மில்லிகிராம். காய்ந்த பாசி ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் நிறமி என்று தாராளமாகவே வைத்தாலும், தினம் 1.2 கிலோ பொடியை மோரில் கலக்க வேண்டும். வாத்தியார் சிரித்துவிட்டு, பிரஷர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அளவு ஒருபுறம் இருக்க, உடம்பே வேறு. எலிக்குக் குளிர் தாங்க, எரிந்து சூடு தரும் பழுப்புக் கொழுப்பு ஏராளம். நமக்குக் கழுத்தடியிலும் காறை எலும்புப் பக்கமும் கொஞ்சம்தான் இருக்கிறது. எலிக்கும் முந்தின படி ஒன்று உண்டு, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்கள். 3டி3-எல்1 என்று ஒரு எலிச் செல் வகை இருக்கிறது. மருந்து ஊற்றினால் கொழுப்புச் செல்லாக மாறும். அப்படி மாறாமல் பாசிச் சாறு தடுத்தால் 'பருமன் எதிர்ப்பு' என்று கட்டுரை எழுதிவிடலாம். நம்மூர்ப் பாசிகளைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தத் தட்டோடு நிற்பவை. தட்டில் இருக்கும் செல்லுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, பசியும் இல்லை.

8. மனுஷங்ககிட்ட சோதிச்சே பார்க்கலையா?

பார்த்தார்கள். அதிகம் காட்டப்படுவது 2010-ல் வெளியான ஒன்று. பருமனான 151 பெண்கள், 16 வாரம், ஃப்யூகோசாந்தினும் மாதுளை விதை எண்ணெயும் சேர்ந்த மாத்திரை. உணவுக் கட்டுப்பாடும் உண்டு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒன்றரைக் கிலோ அளவில் குறைய, இவர்களுக்குச் சுமார் 5 கிலோ குறைந்தது.

நல்ல செய்திதானே என்றால், நான் இரண்டு இடத்தில் தயங்குகிறேன். மாதுளை எண்ணெய் கூடவே இருக்கும்போது புகழ் யாருக்கு? அடுத்து, அவர்கள் கொடுத்த ஃப்யூகோசாந்தின் ஒரு நாளைக்கு 2.4 மில்லிகிராம். மேலே எலிக்கணக்கில் வந்த 1,200-ஐ இதோடு ஒப்பிடுங்கள், ஐந்நூறில் ஒரு பங்கு. எலிக்கு அவ்வளவு தேவைப்பட்ட பொருள் மனிதருக்கு இத்தனை துளியில் வேலை செய்கிறது என்றால், பெரிய சோதனைகளில் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் நம்ப முடியும். டப்பா விற்பவர்கள் இந்த ஒரே சோதனையைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

9. இறால் ஓட்டுல செஞ்ச மாத்திரை வயித்துல இருக்கிற எண்ணெயை உறிஞ்சிருமாமே?

அது கைட்டோசான். தண்ணீரில் எண்ணெயைப் போட்டு அதில் கைட்டோசானைத் தூவினால் கட்டிக்கொண்டு வரும்தான். வீடியோவில் பார்க்க அருமையாக இருக்கும். குடலில் அந்த அளவுக்கு நடப்பதில்லை. பல சோதனைகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வு 2008-ல் சொன்னது இதுதான்: ஒழுங்காக நடத்திய சோதனைகளில் கிடைத்த பலன் மிகச் சொற்பம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

10. மீன் எண்ணெய் மாத்திரை போட்டா தொப்பை குறையும்னு ஜிம்முல சொன்னாங்க.

மீன் எண்ணெயும் எண்ணெய்தான், கிராமுக்கு 9 கலோரி. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமானவர்களுக்கு டாக்டர்கள் இதைப் பெரிய அளவில் எழுதுகிறார்கள், அதற்குப் பலன் உண்டு. தொப்பைக்கு இல்லை. மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள், பொரிக்காமல்.

11. ஸ்பைருலினாவும் கடல்பாசிதானே?

இல்லை. சுருள்பாசி என்கிறோமே தவிர அது கடலில் எடுப்பதில்லை. ஆப்பிரிக்காவின் சாட் ஏரி, மெக்சிகோ ஏரி போன்ற காரத்தன்மையுள்ள நீரில் இயற்கையாக வளர்வது. இங்கே தொட்டியில் வளர்க்கிறார்கள். புரதம் உண்டு. கடல் என்ற பெயரில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

12. கொழுப்பை வெளியேத்துற ஆர்லிஸ்டாட் மாத்திரை வேலை செய்யுதே, அது எங்க இருந்து வந்துச்சு?

கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அது கடல் அல்ல, மண். மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரக்கும் லிப்ஸ்டாடின் என்ற பொருளைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது. அமெரிக்காவில் 1999-ல் அனுமதி. மூன்றாம் பதிலில் சொன்ன லைபேஸ் நொதியைத்தான் இது முடக்குகிறது. உண்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதம் செரிக்காமல் வெளியேறும்.

மண் பாக்டீரியா கொடுத்ததைக் கடலடிச் சேற்றில் இருக்கும் அதன் உறவினர்கள் இன்னும் நன்றாகக் கொடுக்காதா? கடல் ஆராய்ச்சியில் எனக்கு உண்மையாக நம்பிக்கை உள்ள பகுதி இதுதான். பாசியைப் போல் டன் கணக்கில் அள்ள வேண்டாம், குடுவையில் வளர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வெளியேறும் கொழுப்பு சொல்லிக்கொண்டு வெளியேறாது. வாங்கும்போது நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், நாலு பரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு, வெள்ளை வேட்டியில் கல்யாணத்துக்குப் போன ஒருவர் மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் சண்டை பிடித்தார். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போகும். டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

13. இப்ப வந்திருக்கிற ஊசி, அதுவும் ஏதோ பிராணியோட விஷம்னு சொல்றாங்களே, கடல் பிராணியா?

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகளைக் கேட்கிறீர்கள். நம் குடலிலேயே சுரக்கும் ஹார்மோன்களைப் போல் செய்தவை அவை. அந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான எக்செனடைட், 2005-ல் வந்தது, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த பொருள். கடலுக்கு நேர் எதிர்.

கடலில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. முதல் பதிலில் வந்த கூம்புச் சங்கு இனத்தில் ஒன்று, மீனை மயக்க இன்சுலினையே நஞ்சாக விடுகிறது என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கி மீன் சோர்ந்துவிடும், நத்தை விழுங்கிவிடும். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் செய்ய அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இது சர்க்கரை நோய்க்கான வழி, எடை குறைப்பதற்கு அல்ல.

14. கடல் அட்டை சூப் குடிச்சா கொழுப்பு கரையும்னு ஒருத்தர் ரகசியமா தர்றேங்கிறார்.

ரகசியமாகத்தான் தருவார். கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். கடல் குதிரையும் அப்படியே. கடல் அட்டையில் இருக்கும் சப்போனின்களை வைத்து எலி ஆராய்ச்சி உண்டு. அதற்கு ஏழாம் பதிலே பதில்.

15. அரசாங்கமே பாசி மாத்திரை விக்குதாமே?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 'கடல்மின்' என்ற பெயரில் பாசிச் சாறுகளைக் கேப்சூலாக உருவாக்கியிருக்கிறது. மூட்டு வலி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று தனித்தனியாக உண்டு. இது கரையில் காய்ந்த பொடி அல்ல, சுத்திகரித்த சாறு. ஆனாலும் சத்துப் பொருள் என்ற வரிசையில்தான் வருகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா என்று கேட்டால், கூடாது.

16. எனக்குத் தைராய்டு இருக்கு, சர்க்கரையும் இருக்கு. கொஞ்சமா எடுத்துக்கிட்டா?

தைராய்டுக்கு ஆறாம் பதில் அப்படியே பொருந்தும், கொஞ்சமாகக்கூட வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு, மாவுச்சத்தைத் தடுக்கும் பாசிச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பிள்ளை உண்டானவர்கள், பால் கொடுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

17. ஆன்லைன்ல வாங்குனா டப்பா மேல எதைப் பார்க்கணும்?

உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண், 14 இலக்கம், இருக்கிறதா? எந்தப் பாசி, எத்தனை மில்லிகிராம், அயோடின் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி இருக்க வேண்டும், அதைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் தள்ளியிருப்பார்கள். உடல் பருமனைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரச் சட்டப்படி தவறு. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பருமன் பேர் சொல்லியே இருக்கிறது. 'முப்பது நாளில் பத்துக் கிலோ' என்று அட்டை வைத்து என் கவுன்டரில் அடுக்கச் சொன்ன ஒரு விற்பனையாளரிடம் இதைக் காட்டினேன். அட்டையை மட்டும் சுருட்டிக்கொண்டு, டப்பாக்களை விட்டுவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு தனிக் கதை.

18. நிஜமாவே மருந்து வந்துட்டா, நம்ம கடல்ல பாசிக்கு விலை ஏறுமாடி?

இது கடையில் வந்த கேள்வி அல்ல. சித்தி போனில் கேட்டது. இருப்பதிலேயே கஷ்டமான கேள்வியும் இதுதான்.

ஏறாது என்றுதான் நினைக்கிறேன். எரிபுலின் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். அதன் மூலப்பொருள் கடற்பஞ்சில் இருந்தது. ஒரு டன் பஞ்சை எடுத்து அரைத்ததில் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம், ஒரு சிட்டிகை. கடலை அரித்துக் கட்டுப்படியாகாது என்று வேதியியல் கூடத்திலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள், 2010-ல் மருந்தானது. இங்கேயும் ஒன்று நடந்தால் அந்த வழியிலோ, பன்னிரண்டாம் பதிலில் சொன்ன பாக்டீரியாக் குடுவையிலோதான் நடக்கும். ஆல்ஜினேட் மாதிரி மொத்தச் சரக்கு தேவைப்பட்டால் பயிர் பண்ணச் சொல்வார்கள். அதிலும் பார்த்துத்தான் போக வேண்டும். பெப்சி பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறைமேல் படர்ந்துவிட்டதை 2008-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அந்த வெந்நி மந்திரத்தையாச்சும் எழுதுனியா?" என்றார். எழுதிவிட்டேன் சித்தி, ஐந்தாம் பதிலில்.